28 ஆண்டு பெட்டிக்குள் கிடந்த 25 நிமிடம்



இசைச் சிறப்பிதழ் என்றதும் மார்கழிக் கச்சேரிகளையும் நீங்கள் விரும்பும் பாடகர்களையும் தேடித்தான் பக்கங்களைப் புரட்டுவீர்கள். அவர்களெல்லாம் உள்ளே இருக்கிறார்கள். இந்த ஆசிரியர் பக்கத்தை மட்டும், பாடகரே இல்லாத, ஒரு வரிப் பாட்டுகூட இல்லாத ஓர் இசைத்தட்டுக்குக் கொடுக்க விரும்புகிறேன். அதன் பெயர் 'டிரையோ ஆஃப் டூம்'. வாசித்தவர்கள் மூன்று பேர். கிட்டாரில் ஜான் மெக்லாஃப்லின், பாஸ் கிட்டாரில் ஜாக்கோ பாஸ்டோரியஸ், டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ். அவர்கள் வாசித்தது 1979 மார்ச் மாதம். இசைத்தட்டு கடைக்கு வந்தது 2007-ல். வந்தபோது மூவரில் இருவர் உயிரோடு இல்லை.

மேடையில் அவர்கள் வாசித்த பகுதி சுமார் 25 நிமிடம். அந்த 25 நிமிடத்தை உலகம் கேட்பதற்கு 28 ஆண்டுகள் ஆயின. ஏன் இத்தனை காலம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைச் சொல்லி முடித்ததும் உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

முதலில் இது என்ன வகை இசை என்று சொல்லிவிடுகிறேன். ஜாஸ் கச்சேரியில் ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து வாசிப்பார்கள். பிறகு அந்த மெட்டின் கட்டுக்குள் ஒவ்வொருவராகத் தங்கள் மனோதர்மப்படி விரித்துக்கொண்டு போவார்கள். கல்பனாஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த ஏற்பாடு அந்நியமாக இருக்காது. 1960களின் கடைசியில் ராக் இசையின் மின்சார கிட்டாரும் அதன் முழக்கமும் ஜாஸுக்குள் வந்து சேர்ந்தன. அப்படிப் பிறந்ததைத்தான் ஜாஸ்-ராக் என்றும் ஃப்யூஷன் என்றும் அழைக்கிறார்கள். அதற்கு வழி திறந்தவர்களில் டோனி வில்லியம்ஸ் முக்கியமானவர்.

சிகாகோவில் பிறந்து பாஸ்டனில் வளர்ந்தவர் அவர். டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் 1963-ல் அவரைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டபோது அவருக்கு வயது 17. ஜாஸ் உலகம் அதுவரை டிரம்ஸ்காரரைக் காலப்பிரமாணம் காப்பவராகத்தான் பெரும்பாலும் பார்த்துவந்தது. இந்தப் பையனோ சோலோ வாசிப்பவரோடு நேருக்கு நேர் பேசினான். தாளத்தை இழுத்தான், நெருக்கினான், திடீரென்று முழுக்க நிறுத்தினான், சரியான இடத்தில் வந்து நின்றான். 1969-ல் அவர் 'லைஃப்டைம்' என்று சொந்தக் குழு தொடங்கியபோது அதுவும் மூன்று பேர் குழுதான். ஆர்கனுக்கு லாரி யங் கிடைத்துவிட்டார். கிட்டாருக்கு ஆள் வேண்டும்.

அந்த ஆளைக் காட்டியது ஒரு டேப். டிரம்ஸ் கலைஞர் ஜாக் டிஜானெட் லண்டனுக்குப் போயிருந்தபோது அங்கே சில நண்பர்களோடு சும்மா சேர்ந்து வாசித்ததைப் பதிவு செய்து வைத்திருந்தார். நியூயார்க்கில் அதை டோனிக்குப் போட்டுக் காட்டினார். அதில் வாசித்த இங்கிலாந்துக்காரர்தான் மெக்லாஃப்லின். யார்க்‌ஷயரின் டான்காஸ்டரில் 1942-ல் பிறந்தவர், அமெரிக்காவில் அப்போது பெயர் தெரியாதவர். டோனி கூப்பிட்டார், அவர் விமானம் ஏறினார். வந்து இறங்கிய சில நாட்களுக்குள், 1969 பிப்ரவரி 18 அன்று, மைல்ஸ் டேவிஸின் 'இன் எ சைலன்ட் வே' பதிவில் உட்கார்ந்திருந்தார். ஜாஸ் வரலாற்றையே திருப்பிவிட்ட பதிவுகளில் அது ஒன்று. டிஜானெட் லண்டனில் அன்றைக்கு ரெக்கார்டரை அழுத்தாமல் விட்டிருந்தால் இவையெல்லாம் எப்படிப் போயிருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

அந்த ஆண்டு வெளிவந்த லைஃப்டைம் குழுவின் முதல் இசைத்தட்டு 'எமர்ஜென்சி!'. அதன் ஒலிப்பதிவு அழுக்காக இருக்கும், சத்தம் சில இடங்களில் கரகரக்கும். ஆனாலும் இன்றுவரை இளம் கலைஞர்கள் அதைத் தேடிப் பிடித்துக் கேட்கிறார்கள்.

மெக்லாஃப்லினை நாம் வெளியாள் என்று தள்ளி வைக்க முடியாது. 1971-ல் 'மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா' என்ற குழுவைத் தொடங்கி, மின்சார கிட்டாரால் பெரிய அரங்குகளை அதிரவைத்தவர், அந்தப் புகழின் நடுவிலேயே நம் சங்கீதத்தைப் படிக்க உட்கார்ந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். எஸ். ராமநாதன் யார் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாடகர், ஆராய்ச்சியாளர், எண்ணற்ற மாணவர்களை உருவாக்கிய ஆசிரியர். அந்தப் படிப்பின் தொடர்ச்சியாக உருவானதுதான் 'ஷக்தி' குழு. வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் ஹுசேன், கடத்தில் நம் விக்கு விநாயகராம், தொடக்கத்தில் மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். ஷக்திக்காக மெக்லாஃப்லின் வைத்துக்கொண்ட கிட்டார் தனியாகச் செய்யப்பட்டது. விரல் வைக்கும் பலகை, ஃப்ரெட் எனப்படும் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கப்பட்டிருக்கும். தந்தியை அழுத்தி இழுத்து கமகம் கொண்டுவருவதற்கு அந்தக் குழி. வீணையில் கற்ற பாடத்தை மரத்திலேயே செதுக்கிக்கொண்டார் மனிதர்.

ஷக்தியின் முதல் கட்டம் முடிந்து, மின்சார கிட்டாரை மறுபடி எடுத்த சமயத்தில்தான் இந்தக் கச்சேரி வந்தது.

மூன்றாமவர் ஜாக்கோ. 1951-ல் பென்சில்வேனியாவில் பிறந்து ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் வளர்ந்தவர். பாஸ் கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கட்டைகள் இருக்கும். அவற்றைத்தான் ஃப்ரெட் என்கிறோம். விரலை எங்கே வைத்தாலும் ஸ்வரம் சரியாக வந்து விழ அவை உதவும். ஜாக்கோ தன் ஃபெண்டர் ஜாஸ் பாஸிலிருந்து அவற்றையெல்லாம் நீக்கிவிட்டு, படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியை அந்தப் பலகையில் பூசினார். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே வேலியே இல்லாமல் போயிற்று. பின்னணியில் தும் தும் என்று ஒலித்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியம் அவர் கையில் பாட ஆரம்பித்தது. இழைந்து ஏறும், நடுங்கும், முனகும். 1976-ல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டைக் கேட்ட பாஸ் கலைஞர்கள் பலர் தங்கள் வாத்தியத்தைப் புதிதாகப் படிக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு 'வெதர் ரிப்போர்ட்' குழுவில் சேர்ந்தார். 1977-ன் 'ஹெவி வெதர்' அவரை உலகத்துக்குக் கொண்டுபோனது.

1979 மார்ச்சில் மெக்லாஃப்லினுக்கு 37 வயது, டோனிக்கு 33, ஜாக்கோவுக்கு 27.

அவர்களை ஒரே மேடையில் ஏற்றியது கியூபாவில் நடந்த ஒரு விழா. அமெரிக்காவும் கியூபாவும் 1961-லேயே தூதரக உறவை முறித்துக்கொண்ட நாடுகள். 1970களின் பின்பகுதியில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தபோது, அமெரிக்காவின் சிபிஎஸ் இசை நிறுவனமும் கியூபாவின் பண்பாட்டு அமைச்சகமும் சேர்ந்து ஹவானாவின் கார்ல் மார்க்ஸ் அரங்கில் மார்ச் 2 முதல் 4 வரை 'ஹவானா ஜாம்' என்ற விழாவை நடத்தின. பில்லி ஜோயல், ஸ்டீபன் ஸ்டில்ஸ், வெதர் ரிப்போர்ட், கியூபாவின் சொந்தக் குழுவான இராக்கெரே என்று பெரிய பட்டியல். இந்த மூவர் குழு அந்த விழாவுக்காகவே சேர்க்கப்பட்டது. ஒத்திகைக்கு அதிக நாள் கிடைக்கவில்லை. ஜாக்கோவுக்கு வெதர் ரிப்போர்ட்டோடும் அதே விழாவில் வாசிக்க வேண்டியிருந்தது.

மூன்று பேர் குழுவில் என்ன சிரமம் என்பதை இங்கே விளக்க வேண்டும். பியானோவோ ஆர்கனோ இருந்தால் அது கார்டு எனப்படும் ஸ்வரக் கூட்டங்களை விரித்து வைக்கும், மற்றவர்கள் அதன் மேல் நடக்கலாம். இங்கே அந்த விரிப்பு இல்லை. கிட்டார் சோலோவில் போய்விட்டால், மெட்டு இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பாஸ் ஒன்றுதான் காட்ட வேண்டும். பாஸ் தன் போக்கில் பாடப் போய்விட்டால் அதைக் காட்ட யாரும் இல்லை. மூன்று கல் அடுப்பு மாதிரிதான். ஒரு கல் நகர்ந்தால் பானை சாயும்.

ஹவானாவில் பானை சாய்ந்தது என்பதுதான் மெக்லாஃப்லினின் முடிவு. அவர் எழுதிய 'டார்க் பிரின்ஸ்' வேகமான மைனர் ப்ளூஸ். ஜாக்கோ நடுவிலே மெட்டை விட்டு விலகி, ஒலியைக் கூட்டிக்கொண்டு தன் வித்தையைக் காட்டப் போய்விட்டார் என்று அவர் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். மேடையிலிருந்து இறங்கியபோது அவருக்குத் தாங்க முடியாத கோபம். அந்தப் பதிவை வெளியிடக் கூடாது என்று மறுத்தார். விழா முடிந்த சில நாட்களில், மார்ச் 8 அன்று, மூவரும் நியூயார்க்கில் சிபிஎஸ் ஸ்டூடியோவில் மறுபடி கூடி அதே உருப்படிகளை வாசித்தார்கள். அங்கே டோனிக்கும் ஜாக்கோவுக்கும் சண்டை முற்றியது. அத்தோடு அந்தக் குழு கலைந்தது. மூவரும் சேர்ந்து மறுபடி இசைத்தட்டு எதுவும் செய்யவில்லை.

விழாவின் நினைவாக 1979-ல் வெளியான தொகுப்புகளில் இந்த மூவரின் வாசிப்பும் இடம்பெற்றது. ஆனால் அது நியூயார்க் ஸ்டூடியோவில் வாசித்தது. அதன் மேல் கைதட்டலை ஒட்டி, ஹவானா மேடையில் வாசித்ததைப் போலக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு இது உறுத்துகிறது. ஹவானாவில் அன்றிரவு அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டது வேறு. தவறோ சரியோ, அவர்கள் கேட்டதுதான் அன்றைக்கு நடந்தது. வாங்கிக் கேட்பவரிடம் அதை மறைத்தது சரியில்லை. உண்மையான ஹவானா டேப் பெட்டிக்குள் போயிற்று.

பிறகு நடந்ததை எழுதக் கை தயங்குகிறது. அன்று மேடையில் கட்டுக்கடங்காமல் ஓடிய ஜாக்கோவுக்குள் ஒரு நோய் வளர்ந்துகொண்டிருந்தது. இருதுருவ மனநோய் என்று 1982-ல்தான் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். குடியும் போதைப்பொருளும் அதை இன்னும் முறுக்கிவிட்டன. உலகமே வியந்த கலைஞர் 1980களின் நடுவில் வீடில்லாமல் நியூயார்க் பூங்காக்களில் படுத்துக் கிடந்தார். தன் பெயரைப் போலவே புகழ்பெற்ற அந்த பாஸ் கிட்டார்கூடத் திருட்டுப் போயிற்று. 1987 செப்டம்பரில் ஃப்ளோரிடாவில் ஓர் இரவு விடுதி வாசலில் தாக்கப்பட்டு, நினைவு திரும்பாமலே 21-ம் தேதி இறந்தார். வயது 35. டோனி வில்லியம்ஸ் 1997 பிப்ரவரி 23 அன்று, பித்தப்பை அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த மாரடைப்பில் போனார். வயது 51.

இந்த விவரங்களைத் தெரிந்துகொண்டு 'டார்க் பிரின்ஸ்' மேடைப் பதிவைக் கேட்கும்போது, அந்த வாசிப்பை அடங்காத்தனம் என்று மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. நோயோடு போராடிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் வாசிப்பு அது. மெக்லாஃப்லினின் கோபம் நியாயமானதுதான். சக கலைஞன் நம்பி நிற்கும் இடத்தைக் கைவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தக் கோபத்தையே அன்றைய இரவின் கடைசித் தீர்ப்பாக அவரும் வைத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் கழித்து டேப்புகளை எடுக்கச் சொல்லிக் கேட்டார். வெளியிட ஒப்புக்கொண்டார். 2007-ல் அந்த இசைத்தட்டைத் தயாரித்தவரும் அவரே. இதற்காக அவர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இனி இசைத்தட்டுக்கு வருகிறேன். மொத்தம் பத்துத் தடங்கள், 40 நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. முதல் ஐந்து ஹவானா, அடுத்த ஐந்து நியூயார்க்.

தொடக்கமே டோனியின் தனி டிரம்ஸ். மூன்று நிமிடத்துக்கும் குறைவு. வணக்கம் சொல்லி அறிமுகப்படுத்தும் வாசிப்பு இல்லை இது. எடுத்த எடுப்பிலேயே புயலுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறார். தனி ஆவர்த்தனத்தைக் கச்சேரியின் முதல் உருப்படியாக வைத்தால் எப்படி இருக்கும்? அந்தத் துணிச்சல்தான். அவர் கை ஓயும் முன்பே 'டார்க் பிரின்ஸ்' பாய்கிறது. கிட்டார் வேகமாக ஓட, டிரம்ஸ் அதைத் துரத்த, பாஸ் சில இடங்களில் துணையாகவும் சில இடங்களில் எதிரியாகவும் நிற்கிறது. குழம்பும் இடங்கள் எனக்கும் கேட்கின்றன. குழம்பியபிறகு மூவரும் எப்படி மீண்டு வருகிறார்கள் என்பதுதான் என்னை உட்காரவைக்கிறது.

மூன்றாவது தடம் ஜாக்கோவின் 'கன்டினியம்'. என்னைக் கேட்டால் இந்த இசைத்தட்டின் உயிர் இங்கேதான். அவருடைய 1976 இசைத்தட்டில் இதே உருப்படிக்கு எலெக்ட்ரிக் பியானோவின் துணை இருந்தது. ஹவானாவில் அது இல்லை. வேகமெல்லாம் ஒடுங்கிவிட, பாஸ் கிட்டார் முன்னால் வந்து நிதானமாகப் பாடுகிறது. ஃப்ரெட் இல்லாத அந்தப் பலகையில் விரல் வழுக்கிப் போய் ஸ்வரத்தைத் தொடும் இடங்களைக் கவனித்துக் கேளுங்கள். நாகஸ்வரத்தில் குழைவு கேட்டு ரசித்தவர்களுக்கு அந்த இடங்களை நான் விளக்க வேண்டியதில்லை. சில நிமிடங்களுக்கு முன்னால் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு போனவரும் இவரேதான் என்பதை நம்புவது கடினம்.

டோனி எழுதிய 'பாரா ஓரியன்ட்டே'யில் மூவரும் நன்றாகப் பொருந்தி வாசிக்கிறார்கள். தாளம் ஆட்டத்துக்கு அழைக்கும், ஆனால் அதற்குள் டோனி வைக்கும் அழுத்தங்கள் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாது. கடைசியில் 'ஆர் யூ தி ஒன்? ஆர் யூ தி ஒன்?'. ஹவானாவுக்கு முந்தைய ஆண்டு மெக்லாஃப்லின் தன் 'எலெக்ட்ரிக் கிட்டாரிஸ்ட்' இசைத்தட்டில் இதை டோனியோடும் பாஸ் கலைஞர் ஜாக் புரூஸோடும் வாசித்திருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், பாஸ் வாசிப்பவர் மாறினால் ஒரு மூவர் குழு எவ்வளவு மாறிப்போகிறது என்பது தெரியும்.

ஸ்டூடியோ தடங்கள் ஒழுங்கானவை. 'டார்க் பிரின்ஸ்' அங்கே தடுமாறவில்லை. மேடைப் பதிவைவிட இரண்டு நிமிடத்துக்கும் மேல் சிறியது, வந்த வேலையைச் சுத்தமாக முடிக்கிறது. ஒலியும் தெளிவு. ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது மேடைக்குத்தான். ஸ்டூடியோவில் மூன்று நிபுணர்கள் வாசிக்கிறார்கள். மேடையில் மூவருக்கும் அடுத்த கணம் என்ன நடக்கும் என்று தெரியாது. அந்தத் தெரியாமை அப்படியே நம்மையும் தொற்றிக்கொள்கிறது.

ஸ்டூடியோ பகுதியில் நான் மிகவும் மதிப்பது வேறு இரண்டு சின்னத் துண்டுகள். 'பாரா ஓரியன்ட்டே'யை எடுக்க முயன்று முடிக்காமல் விட்டவை. ஒன்று ஒரு நிமிடத்தை ஒட்டி நிற்கிறது. இன்னொன்று வெறும் 20 நொடி. தொடங்குகிறார்கள், நிற்கிறது. வேறு தயாரிப்பாளராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். இவற்றை விட்டுவைத்ததால், மூன்று மேதைகள் ஒரு வேலையை முடிக்க முடியாமல் திணறிய அந்த நாளின் காற்று நமக்குக் கிடைக்கிறது. உருப்படி முழுதாக அமைந்த பதிவு இவற்றுக்கு அடுத்தே வருகிறது. அந்த வரிசையில் கேளுங்கள்.

பாட்டு இல்லாமல் 40 நிமிடமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. சினிமாப் பாட்டில் பாடல் வரியைப் பிடித்துக்கொண்டே நடந்து பழகியவர்கள் நாம், அந்தத் தயக்கம் இயல்பு. ஆனால் சாமி புறப்பாட்டில் மல்லாரி கேட்டபோது நாம் வார்த்தையைத் தேடவில்லை. இளையராஜா 1986-ல் 'ஹௌ டு நேம் இட்?' கொடுத்தபோதும் தேடவில்லை. இதற்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன். முதல் முறை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் முறை பாஸை. மூன்றாம் முறை எதையும் பின்தொடர வேண்டாம், தானாக வரும். காதுக்குள் செருகும் கருவி இருந்தால் நல்லது. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் ஜாக்கோ பாதிதான் கேட்பார்.

2007 நமக்கு இன்னொரு விதத்திலும் முக்கியமான ஆண்டு. பழைய ஹவானா டேப் வெளிவந்த அதே ஆண்டில் மெக்லாஃப்லின் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தார். யு. ராஜேஷின் மாண்டலின், சசாங்கின் குழல், சிவமணியின் தாளம் எல்லாம் சேர்ந்த அந்தப் பதிவு 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' என்று 2008-ல் வந்தது. விக்கு விநாயகராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோல் கற்றுக்கொடுக்கும் டிவிடி ஒன்றையும் 2007-ல் வெளியிட்டார். உலகம் முழுக்க இருக்கும் டிரம்ஸ் மாணவர்கள் இன்று தகதிமி சொல்லிப் பழகுவதில் அந்த டிவிடிக்கும் பங்கு உண்டு. ஷக்தி பின்னர் மறுபடி கூடி 2023-ல் வெளியிட்ட 'திஸ் மொமெண்ட்' அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது. 2024 டிசம்பரில் ஜாகிர் ஹுசேன் மறைந்தார். ஷக்தியின் மேடைப் பதிவுகளைக் கேட்கும் யாருக்கும், அவை பத்திரமாக இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரியும்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது என்றேனே, அது இதுதான்.

நம் வீடுகளில் டேப்புகள் கிடக்கின்றன. கோயில் திருவிழாவில் விடிய விடிய நடந்த நாகஸ்வரக் கச்சேரியை யாரோ ஒரு சித்தப்பா மேடைக்குக் கீழே டேப்ரெக்கார்டர் வைத்துப் பதிந்திருப்பார். கல்யாணக் கச்சேரி இருக்கும். தெருக்கூத்து இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த தவில் கச்சேரி இருக்கும். வானொலியில் ஒலிபரப்பானதை வீட்டில் பிடித்து வைத்தது இருக்கும். சுருதி கொஞ்சம் இறங்கியிருக்கும், நடுவில் குழந்தை அழும், மைக் சீறும். இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று பரணில் போட்டுவிட்டோம். வாசித்தவரே கூட, அன்றைக்குச் சரியாக அமையவில்லை, அதை அழித்துவிடு என்று சொல்லியிருக்கலாம்.

அழித்துவிடாதீர்கள். காந்தப் பூச்சு நாளாக ஆக உதிரும். நம் ஊர் ஈரத்துக்குக் கேசட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பழைய ஸ்பூல் டேப்புகள் சில, பூச்சைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுத்துப்போய் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்ததையோ பிசுபிசுப்பதையோ நீங்களாக ரெக்கார்டரில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டாம். ஒரே ஓட்டத்தில் பூச்சு உரிந்துவிடலாம். பழைய டேப்புகளைக் கையாளத் தெரிந்தவர்களிடம் கொடுத்து மாற்றுங்கள். அதுவரை நிமிர்த்தி வைத்து, ஒலிபெருக்கி மாதிரியான காந்தப் பொருள்களுக்கும் வெயிலுக்கும் தூரத்தில், உலர்ந்த இடத்தில் வையுங்கள். உறையில் எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாசித்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, பக்கவாத்தியம் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள். சென்னை மியூசிக் அகாடமியில் டேக் நிறுவனத்தின் உதவியோடு அமைந்திருக்கும் கேட்புக் காப்பகத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இப்படிச் சேர்ந்தவை எத்தனை ரசிகர்களுக்குப் பயன்படுகின்றன என்பது தெரியும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். மாற்றி முடித்ததும் உடனே இணையத்தில் ஏற்றிவிடாதீர்கள். வாசித்தவர் இருந்தால் அவரிடமும், இல்லையென்றால் அவர் குடும்பத்தாரிடமும் ஒரு பிரதி கொடுத்துச் சம்மதம் கேளுங்கள். மெக்லாஃப்லின் 28 ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். நம் கலைஞர்களுக்கும் அந்த உரிமை உண்டு. வெளியிடுவதா வேண்டாமா என்று அவர்கள் சொல்லட்டும். ஆனால் அவர்கள் மனம் மாறும் நாளில் டேப் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால், யார் வாசித்தது, எங்கே, எப்போது பதிந்தது என்ற விவரத்தோடு எங்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டேப்பை அனுப்ப வேண்டாம், விவரம் போதும். வருகிற கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்